தேவிகாவைப் பூஜைக்குக் கூட்டிப் போகாதே

தம்பி,

நலம் விசாரித்துத்தான் ஒரு கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். உன்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை ஆயுத பூஜைக்குத் தேவிகாவை நீ உன் வேலை இடத்துக்குக் கூட்டிப் போகக் கூடாது. கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, புதுப்பெண், முதல் பூஜை, எல்லாரும் பொண்டாட்டியைக் கூட்டி வருவார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். அந்த வழக்கத்தையே அங்கே கொண்டு வந்தவள் நான்தான். ஆனாலும் சொல்கிறேன், கூட்டிப் போகாதே. காரணத்தைப் போனில் சொல்ல முடியவில்லை. நேற்று உன்னிடம் ஆரம்பித்தேன், பாதியிலேயே இருமல் வந்துவிட்டது. நீ, "ம்மா, வருஷத்துல ஒரு நாள்தானே, நீங்க முதல்ல மூச்ச விடுங்க லா, அப்புறம் பேசலாம்" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாய். உன்மேல் தப்பில்லை. உனக்குத் தெரியாது. உனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டது யார் என்பதைச் சொல்லத்தான் இந்த வெள்ளிக்கிழமை காலையில் உன் சித்தியின் பிள்ளைகள் மிச்சம் வைத்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் சித்தி வீடு இந்தச் சித்தியவான் ஊரில் கடல் பக்கம் இருப்பதால் எனக்கு நல்லது என்று நீதான் கொண்டுவந்து விட்டாய். காற்று நன்றாகத்தான் இருக்கிறது. வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளத்தான் எனக்கு இடமில்லை. ஆக்ஸிஜன் மெஷின் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது, குழாய் மூக்கில் இருக்கிறது, அரைப் பக்கம் எழுதினால் கொஞ்சம் சாய்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்தவள், இன்றைக்குப் பேனாவைப் பிடித்து மூச்சு வாங்குகிறேன். முழுவதையும் எழுதி முடித்த பிறகு பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சித்தியின் மகளிடம் சொல்வேன். அதுவரை பொறுமையாக எழுதுகிறேன். செவ்வாய்க்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது.

முதலில் என் நோயைப் பற்றி. நான் உனக்குச் சொன்னது என்ன? சின்ன வயதில் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் வீட்டில் வேலை பார்த்தேன், அந்தப் புகைதான் நுரையீரலைக் கெடுத்துவிட்டது என்று. தேவிகா வீட்டிலிருந்து பெண் கொடுக்க வந்தவர்கள் "அம்மாவுக்கு என்ன நோவு, ஒட்டுற நோவா?" என்று கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். கேட்டவர்களும் தோட்டத்துச் சனம்தான், உச்சுக்கொட்டி நம்பினார்கள். அது பொய், தம்பி. நான் அந்தப் புகைவீட்டில் வேலை பார்த்தது மொத்தமே ஐந்து மாதம். ரப்பர் மரத்தையெல்லாம் வெட்டிப் போட்டுச் செம்பனை நட்டபோது அந்தப் புகைவீடும் போய்விட்டது, சாட்சி சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் பழியை அதன் தலையில் போட்டேன்.

உன் அப்பா லாரி விபத்தில் போனபோது உனக்கு நான்கு வயது. உன்னைத் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்கு வந்து, லகாட் பக்கம் இருக்கிற அந்தப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். பிளாஸ்டிக் சாமான் வார்க்கிற அச்சுகளுக்கு உள்ளே வைக்கிற துண்டுகளைச் செய்கிற இடம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, பத்து வருடமாக நீயும் அங்கேதான் நிற்கிறாய். அந்த மஞ்சள் நிறச் செம்பை நாம் 'பெரி' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதன் முழுப்பெயர் பெரிலியம் கலந்த செம்பு. நூற்றுக்கு இரண்டு பங்குகூட இருக்காது அந்தப் பெரிலியம், ஆனால் அது சேர்ந்ததும் மெத்தென்று இருக்கிற செம்பு இரும்பு மாதிரி கெட்டியாகிவிடும். சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும், அதனால் அச்சில் ஊற்றிய பிளாஸ்டிக் சீக்கிரம் ஆறும். எத்தனை தடவை வளைத்தாலும் பழையபடி நிமிரும், அதனால் போனுக்குள்ளும் கம்ப்யூட்டருக்குள்ளும் சின்னச் சின்ன ஸ்பிரிங்காக இருக்கும். தட்டினால் தீப்பொறி வராது, அதனால் எண்ணெய், கேஸ் இருக்கிற இடத்தில் அதில் செய்த சுத்தியலைத்தான் கொடுப்பார்கள். பெரிலியம் தனியாக இருந்தால் இன்னும் அதிசயமாம். அலுமினியத்தைவிட லேசு, இரும்பைவிட விறைப்பு, விண்வெளிக்கு அனுப்புகிற சாமான்களுக்கு அதுதான் வேண்டுமாம். எக்ஸ்ரே அதற்குள் தடங்கல் இல்லாமல் நுழைந்து போய்விடும் என்பதால் எக்ஸ்ரே குழாய்க்கு ஜன்னலாக அதைத்தான் வைக்கிறார்களாம். என் நெஞ்சைப் படம் பிடித்த மெஷினிலும் அது இருந்திருக்கும். அதன் உப்பை நாக்கில் வைத்தால் இனிக்கும் என்றுகூட ஒரு இடத்தில் படித்தேன். நோயாளி ஆன பிறகுதான் இதையெல்லாம் போனில் தேடித் தேடிப் படித்தேன். பத்தொன்பது வருடம் கையில் வைத்துத் தேய்த்தபோது ஒரு வரி படிக்கவில்லை.

கட்டியாக இருக்கும்போது அது ஒன்றும் செய்யாது. நீ தொடலாம், தூக்கலாம், பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடலாம். தேய்த்துத் தூசியாக்கி மூச்சில் இழுத்தால்தான் ஆபத்து. அதிலும் எல்லாருக்கும் வராது. சிலருடைய ரத்தத்துக்கு மட்டும் அதைக் கண்டால் ஆகாது. யாருடைய ரத்தம் என்று முன்கூட்டித் தெரியாது. உள்ளே போன தூசியை வெளியே தள்ள முடியாமல் உடம்பு அதைச் சுற்றி முடிச்சு முடிச்சாகக் கட்டிக்கொண்டே போகும். கொஞ்ச நாளில் வரலாம், வேலையை விட்டு இருபது வருடம் கழித்தும் வரலாம். வறட்டு இருமல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், ராத்திரி வேர்த்துக் கொட்டும், சட்டை தொளதொள என்று ஆகும். டி.பி. என்று சொல்லி எனக்கு ஆறு மாதம் மருந்து கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்குமாம். நோயை அடக்கி வைக்க ஸ்டீராய்டு மாத்திரை உண்டு. போக்க மருந்து கிடையாது.

இப்போது உனக்குத் தோன்றும், அப்படியென்றால் வருடம் முழுக்க நின்று வேலை பார்க்கிறவனுக்கு இல்லாத ஆபத்து ஒருநாள் வருகிறவளுக்கு எங்கிருந்து வந்தது என்று. உன் ஆபத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதைச் சொல்லாமல் இந்தக் கடிதம் முடியாது. பூஜை நாளைப் பற்றி யோசித்துப் பார். மற்ற நாளில் கிரைண்டிங் மெஷினில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கும், தூசி சேறாக அடியில் போய்விடும். முகமூடி என்று ஒன்று இருக்கும், போட்டாலும் போடாவிட்டாலும். பூஜைக்கு முன்னால் என்ன செய்கிறோம்? தண்ணீரை வடித்துவிட்டு மெஷினைக் காய வைக்கிறோம். பின்பக்கத் தகட்டைக் கழற்றுகிறோம். தூசி உறிஞ்சுகிற குழாயை இறக்கித் தட்டுகிறோம். உத்தரத்தின் மேல் ஒரு வருடமாகப் படிந்ததைக் கம்ப்ரெஸ்ஸர் காற்றை வைத்து ஊதித் தள்ளுகிறோம். ஆண்கள் ஊதுவார்கள், பெண்கள் ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டுவார்கள். தலை குளித்துப் பூ வைத்து வந்தவர்கள், யார் முகமூடி போடுவார்கள்? ஜன்னல் வெளிச்சத்தில் அந்தத் தூசி பொன் மாதிரி மினுங்கும். உனக்கு எட்டு வயதாக இருந்தபோது ஒரு வருடம் அதைக் கையால் பிடித்துப் பிடித்து விளையாடினாய். நான் பார்த்துக்கொண்டு நின்றேன், சிரித்தேன்.

நான் சேர்ந்தபோது அங்கே பூஜை கிடையாது. சீன முதலாளி தவுக்கேயின் மேசைக்குப் பக்கத்தில் சிவப்புச் சாமிமேடை ஒன்று இருந்தது, அவ்வளவுதான். அந்த வரிசையில் மெஷினில் நின்ற ஒரே பெண் நான். மற்றவர்கள் என்னை ஆம்பளை வேலைக்கு வந்தவள் என்று ஒரு மாதிரி பார்ப்பார்கள். மூன்றாவது வருடம் துணிந்து தவுக்கேயிடம் போய், ஒருநாள் மெஷினைக் கும்பிட விடுங்கள் என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "போலே லா. தாப்பி சமுவா காசி பெர்சே" என்றார். சரி, ஆனால் எல்லாவற்றையும் சுத்தம் பண்ணிவிட வேண்டும் என்று. மனுஷன் காரியக்காரர், சாமி பெயரால் வருடாந்திரச் சுத்தம் சும்மா நடந்துவிடும். எனக்கு அன்றைக்கு அது புரியவில்லை. மெஷினுக்குச் சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, சுண்டல் கொடுத்து முடித்தபோது, ஒரு மாதிரி பார்த்தவர்கள் எல்லாரும் என்னை அக்கா என்று கூப்பிட்டார்கள். குடும்பத்தைக் கூட்டி வாருங்கள் என்று அடுத்த வருடம் நான்தான் எல்லாரிடமும் சொன்னேன். புதுப்பெண் வந்தால் புருஷன் மெஷினைக் கூட்டித் துடைத்து முதல் பொட்டு வைக்க வேண்டும் என்றும் நான்தான் ஏற்பாடு செய்தேன். எத்தனை பெண்கள் அப்படி வந்து கூட்டிவிட்டுப் போனார்கள் என்று இப்போது படுத்துக்கொண்டு முகம் முகமாக நினைத்துப் பார்க்கிறேன். பாதிப் பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. இருமிக்கொண்டு எந்த ஊர் ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்களோ.

தெரியாமல் செய்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம் என்று பார்த்தால் அதுவும் முடியவில்லை. சரக்கு வந்த பெட்டியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். நான் ஐந்தாம் படிவம், பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு வரை படித்தவள், இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும். தூசியைச் சுவாசித்தால் நுரையீரல் நோய் வரும் என்று அதில் இருந்தது. வாசித்தேன். சூப்பர்வைசர் அண்ணனிடம் கேட்டேன். அவர் அந்தத் தாளைக் கிழித்துக் கசக்கி, "இதெல்லாம் வெள்ளக்காரனுக்கு எழுதுனது லா தங்கச்சி. நம்ம தோட்டத்துல அடிச்ச மருந்துலயே வளந்தவங்க, நமக்கு என்னா வரப்போவுது?" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. அவர் பிற்பாடு மூச்சுத் திணறித்தான் செத்தார். சிகரெட் என்று பேசிக்கொண்டார்கள்.

இன்றைக்குச் சனிக்கிழமை. நேற்று இதற்கு மேல் முடியவில்லை. சொல்ல வேண்டிய பெரிய விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன். நான்கு வருடத்துக்கு முன்னால் என்னைக் கோலாலம்பூரில் பெரிய டாக்டரிடம் காட்டக் கூட்டிப் போனாய். என் ரத்தத்தை விமானத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பி, ரத்த அணுக்களோடு பெரிலியத்தைச் சேர்த்துப் பார்த்து அவர் முடிவு வாங்கியது பிறகுதான். முதல் நாளே அவர், "என்ன வேலை பார்த்தீர்கள், எந்த உலோகம்?" என்று கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. உன்னைக் கீழே கண்டினுக்கு, எனக்குக் குடிக்க மைலோ வாங்க அனுப்பினேன். எனக்கு மைலோ வேண்டியிருக்கவில்லை, தம்பி. நீ போன பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் குடும்பத்தில் வேறு யாராவது அங்கே வேலை பார்க்கிறார்களா? இருந்தால் அவர்களுக்கும் இந்தச் சோதனை செய்ய வேண்டும், முதலில் அந்தத் தூசியை விட்டு விலக வேண்டும்" என்றார். நான் இல்லை என்று சொன்னேன்.

அந்த ஒரு வார்த்தைக்கு நான் என்ன காரணம் சொன்னாலும் அது காரணமாகாது. ஆனாலும் சொல்கிறேன். உன்னை அந்த வேலையில் சேர்க்கச் சொல்லித் தவுக்கே முன்னால் நின்று கெஞ்சியவள் நான். உன்னை அந்த மாதம்தான் போர்மேன் ஆக்கியிருந்தார்கள். நீ புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த முகத்தைப் பார்த்து, வேலையை விடு, என்னை மாதிரி ஆவாய் என்று எப்படிச் சொல்வது? கொஞ்ச நாள் போகட்டும் என்று நினைத்தேன். பிறகு பெண் பார்க்கும் பேச்சு வந்தது. கல்யாணம் முடியட்டும் என்று நினைத்தேன். இப்படியே தள்ளித் தள்ளி நான்கு வருடம் உன்னை அந்தத் தூசியில் நிற்க வைத்தேன். ஒரு தாய் செய்கிற காரியமா இது? வெளியாள் யாராவது உனக்கு இதைச் செய்திருந்தால் அவன் வீட்டு வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றியிருப்பேன்.

தேவிகாவிடமே சொல்லிவிடலாம் என்று அவள் எண்ணை அழுத்தி, மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன். என்ன சொல்வேன்? பூஜைக்குப் போகாதே அம்மா என்று ஆரம்பித்தால், ஏன் அத்தை என்று கேட்பாள். காரணம் சொன்னால், அப்போ அவருக்கு என்று கேட்பாள். போன தீபாவளியிலிருந்து நீ தொண்டையைச் செருமிக்கொண்டே பேசுகிறாய், தம்பி. கல்யாணத்தன்று உனக்குச் சட்டை தோளில் நிற்கவில்லை, எல்லாரும் அலைச்சல் என்றார்கள். நான் மணவறைக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து நீ தாலி கட்டுவதைப் பார்க்காமல் உன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். நல்லபடியாக ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை, உன்னிடம் பொய் சொல்லி முடித்துவிட்டேன், இனி சொல்ல மாட்டேன்.

அதனால் இரண்டே காரியம் கேட்கிறேன். தேவிகாவை அங்கே கூட்டிப் போகாதே. நீ அந்த டாக்டரைப் போய்ப் பார், அவர் அட்டை என் மாத்திரைப் பையில் இருக்கிறது, அதையும் படம் பிடித்து அனுப்புகிறேன். வேலை போகும், பேர் போகும், மாமியார் வீட்டில் என்னைப் பொய்க்காரி என்பார்கள். சொல்லட்டும், உண்மைதானே. என்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம். நாளைக்கு எல்லாப் பக்கத்தையும் அனுப்பிவிடலாம் என்று, அடித்துத் திருத்தின இடங்களைச் சித்தியின் மகளை நல்லபடியாக எழுதச் சொல்லிக்கொண்டிருந்தேன். போனில் படங்கள் வந்தன. செவ்வாய்க்கிழமை லீவு விட்டால் வேலை கெடும் என்று தவுக்கே பூஜையை இன்றைக்கே வைக்கச் சொல்லிவிட்டாராம். நீ எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று உனக்கு என்ன தெரியும்? காலண்டரைப் பார்த்து நாலு நாள் இருக்கிறது என்று உட்கார்ந்திருந்தவள் நான். வெள்ளிக்கிழமை எழுதிய முதல் பக்கத்தை மட்டும் அப்போதே அனுப்பியிருந்தால் போதும். கூட்டிப் போகாதே என்று அதிலேயே எழுதியிருந்தேன். நான் மிச்சத்தையும் சேர்த்து, வார்த்தையைத் தேடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

படத்தில் தேவிகா மறுவீட்டுக்குக் கட்டிய பச்சைச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு விளக்குமாற்றோடு நிற்கிறாள். நெற்றியிலும் புருவத்திலும் மினுமினுப்பு ஒட்டியிருக்கிறது. பின்னால் நீ காற்றுக் குழாயைத் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு சிரிக்கிறாய். படத்துக்கு அடியில் அவள், "அத்தே, நீங்க நின்ன மெஷின நான்தான் தொடச்சேன்" என்று எழுதியிருக்கிறாள். உனக்கு ஐந்து தடவை போன் அடித்தேன், அவளுக்கு மூன்று தடவை. கம்ப்ரெஸ்ஸர் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

இதைப் பார்த்ததும் செய். அவள் சேலையை உதறாதே, மடிக்காதே. அப்படியே தண்ணீரில் முக்கிப் பிளாஸ்டிக் பையில் கட்டிவிடு. தலைமுடியை நன்றாக அலசச் சொல். நீயும் குளி. காரின் இருக்கையை ஈரத்துணியால் துடை. வீட்டைக் கூட்டாதே, துடை. ஒருநாள் தூசிக்கு ஒன்றும் ஆகாது என்று நீ சொல்வாய். ஆகாமலும் போகலாம். அது அவள் ரத்தத்தைப் பொறுத்தது, அதை இந்த உலகத்தில் யாராலும் இன்றைக்குச் சொல்ல முடியாது. பிறகு அவளை உட்கார வைத்து இதை முதலிலிருந்து படித்துக் காட்டு. என்னைப் பற்றி எழுதியிருப்பதில் ஒரு வரியையும் விடாதே.

நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, என்ன ஏது என்று தெரியாத உன் சித்தி போனை வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு என் பெயரில், "மகாலட்சுமி மாதிரி இருக்கம்மா, ரொம்ப சந்தோஷம்" என்று அவளே பதில் போட்டுவிட்டாள். தேவிகா அதற்கு இதயப் படம் அனுப்பியிருக்கிறாள். தம்பி, அந்தப் பதிலை நான் எழுதவில்லை என்று அவளிடம் சொல்லு. நான் எழுதியது இது.

அம்மா